சைக்கிளில் சாலையோர விசித்திரங்கள்: புதுக்கோட்டைப் பக்கம் சுற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

புதுக்கோட்டையிலிருந்து திருமயத்துக்குப் பேருந்தில் போனால் கோட்டை ஒன்றுதான் மனதில் நிற்கும். அதே 20 கிலோமீட்டர் தூரத்தைச் சைக்கிளில் அவசரமில்லாமல் மிதித்துப் போனால் கிடைக்கும் பட்டியலே வேறு. கால் உடைந்த மண்குதிரை, யாரும் ஏறி உட்கார முடியாத உயரத்தில் ஒரு கல் பெஞ்சு, குளத்துக்குள் எதையும் தாங்காமல் நிற்கும் இரண்டு கல் தூண்கள், உடம்பில் எண் எழுதிய புளியமரம், சுற்றுச்சுவர் எதுவும் இல்லாமல் பொட்டலில் நிற்கும் ஒரு வாசல்.

இவற்றைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்வது எளிது. ஆனால் சாலையோரத்தில் வினோதமாகத் தெரியும் பொருள்களில் பெரும்பாலானவை யாரோ ஒருவரின் தேவைக்காக, யோசித்து, அந்த இடத்தில் வைத்தவை. அந்தத் தேவையைக் கண்டுபிடிப்பதுதான் இந்தச் சுற்றலின் சுவாரசியம். அதற்கு மணிக்கு 12 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நடந்தால் தூரம் போதாது, பைக்கில் போனால் கண்ணுக்கு நேரம் போதாது.

1. சைக்கிளும் சாமான்களும்

கியர் சைக்கிள் வேண்டும் என்று கட்டாயமில்லை. இந்தப் பக்கம் பெரும்பாலும் சமதரை, அங்கங்கே குடுமியான்மலை, நார்த்தாமலை போலப் பாறைக்குன்றுகள். டயர் மட்டும் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும். பந்தயச் சைக்கிளின் மெல்லிய டயர் இங்கே உதவாது, ஏனென்றால் இங்கே உண்மையான எதிரி சீமைக்கருவேல முள். சாலையை விட்டு நாலடி இறங்கினால் போதும், முள் டயரில் ஏறிவிடும். மாற்று டியூப், கைப்பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டியூப்பை மாற்றும்போது டயரின் உள்பக்கம் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முள்ளின் நுனி உள்ளேயே இருந்தால் புதுடியூப்பும் பத்து நிமிடத்தில் இறங்கிவிடும்.

2 லிட்டர் தண்ணீர், தொப்பி, சின்ன நோட்டு, பென்சில். கண்மாய்க்குள் இருப்பதைக் கரையிலிருந்தே பார்க்க ஒரு சிறு தொலைநோக்கி இருந்தால் நல்லது. அவ்வளவுதான்.

2. மாதமும் நேரமும்

மார்கழி முதல் மாசி வரை சுற்றுவதற்குச் சுகம். ஐப்பசி, கார்த்திகையில் மழை. பங்குனி, சித்திரையில் வெயில் கொளுத்தும், ஆனால் அதிலும் ஒரு லாபம் உண்டு. கண்மாய்கள் வற்றிக் கிடப்பதால், மற்ற மாதங்களில் பாதி முழுகி நிற்கும் கல் வேலைகளின் அடிவரை பார்க்கலாம். அந்த மாதங்களில் காலை ஒன்பதுக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள்.

எந்த மாதமானாலும் காலை 6 மணிக்குக் கிளம்புவது நல்லது. வெயில் மட்டும் காரணமில்லை. தேய்ந்த கல்வெட்டையோ சிற்பத்தையோ உச்சிவெயிலில் பார்த்தால் வெறும் கல்லாகத்தான் தெரியும். காலையிலும் மாலையிலும் சாய்வாக விழும் வெளிச்சத்தில் அதே கல்லில் எழுத்து எழுந்து வரும்.

3. சாலையைத் தேர்ந்தெடுப்பது

ஒரு நாளைக்குப் போக வர 40 கிலோமீட்டர் போதும். அதற்கு மேல் திட்டமிட்டால் தூரத்தை முடிக்கும் அவசரம் வந்துவிடும், அப்புறம் எதுவும் கண்ணில் படாது.

நாலு வழிச்சாலையைத் தவிருங்கள். ஆபத்து ஒருபுறம், அகலப்படுத்தும்போது ஓரத்தில் இருந்த பழைய பொருள்கள் போய்விட்டன என்பது மறுபுறம். ஒரு நல்ல உபாயம் சொல்கிறேன். கைப்பேசி வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தை வைத்து, நேராக்கப்பட்ட சாலையின் பக்கத்தில் வில் போல வளைந்து கிடக்கும் துண்டுச் சாலைகளைத் தேடுங்கள். அவை பழைய வளைவுகள். பழைய மைல்கல், சுமைதாங்கி, பெரிய புளியமரங்கள் எல்லாம் அங்கேதான் தப்பிப் பிழைத்திருக்கும்.

ஊர்ப்பெயரும் வழி காட்டும். சமுத்திரம், ஏந்தல், குளம் என்று முடியும் ஊர் என்றால் பக்கத்தில் நீர்நிலை இருக்கிறது அல்லது இருந்தது. நீர்நிலை இருந்தால் கரை, கரை இருந்தால் மடை, கலிங்கு (மிகைநீர் வழியும் கட்டு), அய்யனார். மூன்றில் ஒன்றாவது பார்க்கக் கிடைக்கும்.

வட்டமாகச் சுற்றி வருவதை விட, போன சாலையிலேயே திரும்பி வாருங்கள் என்பது என் கட்சி. பாதிப் பொருள்கள் எதிர்த் திசையிலிருந்து வருகிறவருக்குக் காட்டுவதற்காக வைத்தவை. போகும்போது முதுகை மட்டும்தான் பார்த்திருப்பீர்கள்.

4. நின்றதும் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

ஏதோ ஒன்று விசித்திரமாகப் படுகிறது. சைக்கிளை ஓரமாக நிறுத்துங்கள். படம் எடுப்பதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள்: அது என்ன உயரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது. யாருக்காக வைத்தது என்பது பெரும்பாலும் உயரத்திலேயே தெரிந்துவிடும். மற்ற இரண்டும் எதற்கு என்பதைச் சொல்லிவிடும்.

5. என்னென்ன பார்க்கலாம், எப்படிப் புரிந்துகொள்வது

*சுமைதாங்கி.* மேலே சொன்ன கல் பெஞ்சு இதுதான். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக்கல்லைக் கிடத்தியிருப்பார்கள். உட்காருவதற்கு உயரம் அதிகம். ஆனால் தலையில் விறகுக்கட்டோ நெல்மூட்டையோ வைத்துக்கொண்டு தனியாக நடந்து வருகிறவருக்கு அது சரியான உயரம். குனியாமல், யார் உதவியும் இல்லாமல் சுமையை அப்படியே கல்லுக்கு மாற்றலாம், திரும்ப அப்படியே தலைக்கு ஏற்றலாம். பக்கத்தில் மரமோ கிணறோ குளமோ இருக்கும். இளைப்பாறும் இடத்தில்தானே வைப்பார்கள்.

வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக இதை நட்டு வைப்பது வழக்கம். இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்கு ஈடாக மற்றவர்களின் சுமையை இறக்க ஒரு இடம். சிலவற்றில் பெண்ணின் பெயரும், நட்டு வைத்தவர் பெயரும், பிலவ, சுபகிருது என்று தமிழ் வருஷப் பெயரும் வெட்டியிருக்கும். இப்போது பல இடங்களில் அதன்மேல் சுவரொட்டியும், வெயிலில் காயும் துணியும்தான். யாழ்ப்பாணத்தில் பழைய வழிகளில் மடம், கேணி, சுமைதாங்கி, மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள நட்ட ஆவுரஞ்சிக்கல் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து அமைந்திருப்பதைப் பார்க்கலாம். வழிப்போக்கனுக்கும் மாட்டுக்கும் ஒரே நிறுத்தம். மாட்டின் தோள் உயரத்துக்குச் சற்று மேல் வரை, ஒரு பக்கம் மழமழவென்று தேய்ந்த ஒற்றைக் கல்லைக் குளத்தங்கரையில் எங்கே பார்த்தாலும் அதுவாக இருக்குமோ என்று யோசியுங்கள்.

*மண்குதிரைகள்.* புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் வழியில் நமணசமுத்திரத்தில் அய்யனார் கோயிலில் வரிசை வரிசையாகச் சுடுமண் குதிரைகள் நிற்கின்றன. முதலில் பார்க்கிறவர்கள் ‘ஏன் இப்படி உடைந்து கிடக்கிறது, யாரும் பராமரிக்கவில்லையா?’ என்று கேட்பார்கள். பராமரிப்பது வழக்கமில்லை. புரவி எடுப்புத் திருவிழாவுக்கு ஊரார் பிடிமண் எடுத்து, மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் கொடுப்பார்கள். அவர் குதிரை செய்து சுட்டு வைப்பார், ஊரே தூக்கி வந்து கோயிலில் சேர்க்கும். சேர்த்ததோடு அது சாமியுடையது. பழையது மண்ணாகப் போகட்டும், அடுத்த எடுப்பில் புதியது வரும்.

ஆகவே வரிசையை வயது வாரியாகப் பார்க்கலாம். முகம் கரைந்தவை பழையவை, சுண்ணாம்பும் வண்ணமும் இன்னும் இருப்பவை புதியவை. வயிற்றுப் பக்கமோ கழுத்திலோ ஓட்டை இருந்தால் அது உடைப்பு இல்லை. சுடும்போது உள்ளே அடைபடும் ஆவி வெளியேறாவிட்டால் குதிரை வெடித்துவிடும், அதற்காக வேளார் விட்ட வழி. குதிரைகளுக்கு நடுவே சின்னப் பிள்ளை பொம்மை, நாய், காளை இருந்தால் அவை தனித்தனி வேண்டுதல்கள். தரையில் குத்தி நிறுத்திய ஆளுயர அரிவாள் கருப்பருக்கு.

பெரிய குதிரை பார்க்க ஆசையென்றால் கீரமங்கலம் பக்கத்துக் குளமங்கலத்துக்குப் போங்கள். பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலின் குதிரை 33 அடி உயரம். மாசிமகத்தன்று அதற்குக் காகித மாலை சாத்துவார்கள். மாலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குதிரையே மறைந்துவிடும். அன்றைக்குச் சைக்கிளை ஊருக்கு வெளியிலேயே விட்டுவிட வேண்டியதுதான்.

*குமிழித்தூம்பு.* கண்மாய்க்குள், கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, இரண்டு கல் தூண்கள். நடுவில் துளையிட்ட குறுக்குக் கற்கள். பார்த்தால் பாதியில் நின்றுபோன கோபுர வாசல் என்று தோன்றும். அடியில் ஒரு கல் தொட்டி புதைந்திருக்கிறது. அதன் மேல்மூடியில் இருப்பது நீரோடித் துளை, கீழ்ப்பக்கம் இருப்பவை சேறோடித் துளைகள். மேல் துளையை ஒரு குமிழ் அடைத்திருக்கும். குமிழின் தண்டு குறுக்குக் கற்களின் துளைகள் வழியாக மேலே வரும். தண்ணீர் வேண்டும்போது ஆள் நீந்திப் போய்த் தண்டைத் தூக்குவார். தண்ணீர் கரைக்கு அடியில் பதித்த வழியில் வயலுக்கு ஓடும். அந்த ஓட்டத்தின் இழுப்பில் கீழ்த் துளைகள் வழியே சேறும் கூடவே போகும். வயலுக்கு வண்டல் கிடைக்கும், கண்மாய் தூர்ந்துபோவதும் குறையும். இந்த மாவட்டத்தில் தூம்பை வைத்துக் கொடுத்தவர் பெயரைத் தூண்களிலேயே வெட்டி வைத்த கல்வெட்டுகள் உண்டு. தொலைநோக்கி தேவைப்படுவது இதற்குத்தான். என்னைக் கேட்டால், இந்தப் பக்கம் சாலையோரத்தில் பார்க்கக் கிடைப்பதில் இதுதான் முதலிடம். குதிரைகள் இரண்டாவது.

*மைல்கற்களும் எண்களும்.* தேசிய நெடுஞ்சாலைக் கல்லின் தலை மஞ்சள், மாநில நெடுஞ்சாலைக்குப் பச்சை, மாவட்டச் சாலைக்குக் கறுப்பு அல்லது நீலம், கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டதற்கு ஆரஞ்சு. கிலோமீட்டர் கற்களுக்கு இடையே 2, 4, 6, 8 என்று மட்டும் எழுதிய குட்டிக் கற்கள் 200 மீட்டருக்கு ஒன்று. சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் 12/3 என்றிருந்தால் 12ஆம் கிலோமீட்டரில் அது மூன்றாவது பாலம். இதைத் தெரிந்துகொண்டால் கைப்பேசி இல்லாமலே நீங்கள் நிற்கும் இடத்தைத் துல்லியமாகக் குறித்துக்கொள்ளலாம்.

பழைய கல்லில் ரோமன் எண்ணோ ௧, ௨, ௩ என்ற தமிழ் எண்ணோ இருந்தால் அது கிலோமீட்டர் கணக்குக்கு முந்தியது. அதைவிடப் பழையது வேண்டுமென்றால் தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லைச் சொல்ல வேண்டும். நாவற்றாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் (பழைய தூர அளவு) என்று எழுத்தில் வெட்டியதோடு நிற்காமல், பெரிய குழி இரண்டும் சின்னக் குழி ஒன்பதும் குடைந்திருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவர் விரலால் தடவி எண்ணிக்கொள்ளலாம், இருட்டிலும்கூட.

புளியமரத்தில் எண் எழுதியிருப்பது நெடுஞ்சாலைத் துறையின் கணக்கு. மரங்களின் புளி ஏலத்துக்குப் போகும். கீழே விழுந்த பழத்தைப் பொறுக்கும்போது இதை நினைவில் வையுங்கள், ஏலம் எடுத்தவர் பக்கத்து நிழலிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

*பொட்டலில் தனி வாசல்.* அது வாடிவாசல். ஜல்லிக்கட்டு அதிகம் நடக்கும் மாவட்டம் இது. ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் கந்தர்வகோட்டைப் பக்கம் தச்சங்குறிச்சியில்தான். ஜல்லிக்கட்டுக் காலம் தாண்டினால் திடல் காலியாகிவிடும், காங்கிரீட் வாசல் மட்டும் நிற்கும். அதன் அகலத்தைப் பாருங்கள். ஒரு காளை வரலாம், இரண்டு வர முடியாது.

*சின்னக் கல், பெரிய கதை.* வயல் வரப்பில் சூலம் செதுக்கிய கல் என்றால் அது சிவன் கோயில் நிலத்தின் எல்லை. சக்கரம் இருந்தால் பெருமாள் கோயில் நிலம். தலைக்கு மேல் முக்குடையோடு உட்கார்ந்த சிற்பம் என்றால் சமணத் தீர்த்தங்கரர், ஊரார் அவருக்கு வேறு பெயர் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கலாம். தன் கழுத்திலேயே கத்தி வைத்து நிற்பவன் நவகண்டம், அதாவது தன்னையே பலி கொடுத்த வீரன். வளையல் அணிந்த கை மட்டும் மடங்கி உயர்ந்திருந்தால் சதிக்கல், கணவனோடு தீயில் இறங்கிய பெண்ணின் நினைவுக்கல்.

*இன்றைய விசித்திரங்கள்.* எல்லாமே பழசாக இருக்க வேண்டுமா என்ன. கட்டி முடியாத வீட்டின் முன் வைக்கோல் திணித்த பேன்ட் சட்டையோடு தொங்கும் திருஷ்டி பொம்மை, கடை வாசலில் ‘என்னைப் பார் யோகம் வரும்’ என்று சொல்லும் கழுதைப் படம், நாய் அசிங்கம் செய்யாமலிருக்க வாசலில் கட்டிய நீலத் தண்ணீர் பாட்டில். அந்தப் பாட்டிலின் பக்கத்திலேயே நாய் நிம்மதியாகப் படுத்திருப்பதையும் அடிக்கடி பார்க்கலாம்.

அறுவடைக் காலத்தில் சாலை முழுக்க எள்ளுச் செடியோ உளுந்துச் செடியோ பரப்பியிருப்பார்கள். வண்டிகள் ஏறி இறங்கத் தானியம் உதிரும், கூலி மிச்சம். சைக்கிளுக்கு அது வழுக்கும். பிரேக்கைத் திடீரென்று பிடிக்காமல், இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

6. கேட்பது

பக்கத்தில் ஆள் இருந்தால் விசாரிக்காமல் நகராதீர்கள். ஆனால் கேட்கும் விதம் ஒன்று இருக்கிறது. ‘இதன் வரலாறு என்ன?’ என்றால் ‘அதெல்லாம் தெரியாதுப்பா’ என்றுதான் பதில் வரும். ஆடு மேய்க்கும் வயதான அம்மாவிடம், “ஆத்தா, இந்தக் கல்லுல முன்னாடி என்ன வைப்பாங்க?” என்று கேட்டுப் பாருங்கள். “நாங்க வெறகு வைப்போம், இப்ப யாரு வெறகு தூக்குறா?” என்பார். கல்லின் பயன், அது நின்றுபோன காரணம் இரண்டும் ஒரே வரியில் வந்துவிடும். டீக்கடையில் கேட்டால் நாலு பேர் நாலு கதை சொல்வார்கள். நாலையும் எழுதிக்கொள்ளுங்கள், எது சரி என்று அங்கேயே தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

7. நாயும் நடத்தையும்

ஊர் எல்லையில் நாய் துரத்தினால் வேகமெடுக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். ஓடாத ஆளிடம் பெரும்பாலான நாய்களுக்கு ஆர்வம் போய்விடும்.

அய்யனார் கோயிலில் எல்லைக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றுங்கள். சில இடங்களில் பெண்கள் உள்ளே போவதற்கும், சில இடங்களில் படம் எடுப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு, முன்பே கேட்டுவிடுவது நல்லது. மரத்தில் கட்டிய தொட்டில், மணி, மஞ்சள் துணி எதையும் தொட வேண்டாம், உடைந்த குதிரைத் துண்டையும் எடுக்க வேண்டாம். கல்வெட்டு தெளிவாகத் தெரியட்டும் என்று மாவு, சாக்குக்கட்டி, எண்ணெய் பூசுவது பெரிய கேடு. கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும், இல்லையென்றால் மாலை வெளிச்சத்துக்குக் காத்திருங்கள்.

8. குறித்து வைப்பது

ஒவ்வொன்றுக்கும் நாலு வரி எழுதினால் போதும்: எந்தக் கிலோமீட்டர் கல்லுக்கும் பாலத்துக்கும் இடையில், சாலையின் எந்தப் பக்கம், எந்தத் திசை பார்த்து, யார் என்ன சொன்னார். படத்தில் அளவு தெரிய சைக்கிளையே பக்கத்தில் நிறுத்தி எடுங்கள். எழுத்துள்ள கல்லோ புதிய சிற்பமோ கண்ணில் பட்டால் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, கிராம நிர்வாக அலுவலருக்கோ தொல்லியல் துறைக்கோ தகவல் சொல்லுங்கள். மண்ணில் புதைந்து கிடைக்கும் காசு, சிலை போன்றவற்றை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டிலிருந்தே சட்டம்.

9. தொடங்குவதற்கு மூன்று வழிகள்

முதல் வழி, புதுக்கோட்டை – நமணசமுத்திரம் – திருமயம். காலையில் குதிரைகள், வெயில் ஏறுவதற்குள் கோட்டை. கிழவன் சேதுபதி காலத்துக் கோட்டை அது, 1687இல் கட்டியது. முடிந்தவரை பழைய சாலையிலும் ஊர்ச்சாலையிலும் போங்கள். கால் வலுவாக இருந்தால் இன்னும் தெற்கே கானாடுகாத்தான் வரை போகலாம். அங்கே செட்டியார் வீடுகளை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் ஊருணிகளையும் (ஊரின் குடிநீர்க் குளங்கள்) பாருங்கள்.

இரண்டாவது, அன்னவாசல் – சித்தன்னவாசல். ஓவியத்துக்காகத்தான் எல்லோரும் போகிறார்கள். சாலையிலிருந்து இறங்கினாலே இரும்புக்காலத்து ஈமச்சின்னங்கள் இருக்கின்றன. சுற்றிலும் கல்வட்டம், நடுவில் பலகைக் கற்களால் அடைத்த குழி, சிலவற்றில் ஒரு பலகையில் வட்டத் துளை. பேருந்து நிற்காத இடம் என்பதால் பெரும்பாலும் உங்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். பாதுகாக்கப்பட்ட இடம், கற்கள்மேல் ஏறாதீர்கள். முள் அதிகம், சைக்கிளைத் தாரிலேயே நிறுத்துங்கள்.

மூன்றாவது, தஞ்சாவூர்ச் சாலையில் ஆதனக்கோட்டை. சாலையோரத்திலேயே முந்திரிக்கொட்டையை வறுத்து, உடைத்து, பருப்பெடுத்து விற்கிறார்கள். ஓட்டில் இருக்கும் எண்ணெய் தீப்பிடித்துக் கரும்புகை எழும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துச் சைக்கிளை எதிர்ப்பக்கம் நிறுத்துங்கள். அந்தப் புகை கண்ணை எரிக்கும், ஓட்டின் எண்ணெய் பட்டால் தோல் புண்ணாகும். உடைப்பவர்களின் விரல்களைப் பார்த்த பிறகு விலை பேச எனக்கு வாய் வருவதில்லை. லாரிகள் அதிகம் ஓடும் சாலை இது, ஏழு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.